சீர் செய்தாயிற்று என்றால் தோப்பில் பங்கு இல்லையா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் பிறந்த ஊர். தாத்தா காலத்து மாந்தோப்பு நாலு ஏக்கர் இருக்கிறது. அப்பா 2001-ல் இறந்தார், உயில் எழுதவில்லை. அக்காவுக்கு 1986-லும் எனக்கு 1996-லும் கல்யாணம் ஆனது. 2002-ல் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, தோப்பு தம்பிக்கே என்று வெள்ளைத்தாளில் எழுதினார்கள். அம்மா கைநாட்டு வைத்தார். நாங்கள் இருவரும் கையெழுத்துப் போடவில்லை. பட்டா தம்பி பெயருக்கு மாறிவிட்டது. இப்போது தோப்பை வாங்க ஆள் வந்திருக்கிறது. எங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறான் தம்பி. "உங்களுக்குத்தான் நகையும் சீரும் செய்தாயிற்றே" என்கிறான். போடலாமா?
- ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள், சகோதரி. பட்டா முழுக்கத் தம்பி பெயரில் இருந்தும் உங்கள் கையெழுத்தை ஏன் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வாங்க வருபவரின் வக்கீலுக்கு உங்கள் பங்கு இருப்பது தெரிந்திருக்கிறது. உங்களிடம்தான் யாரும் சொல்லவில்லை.

சீர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கல்யாணத்தில் போட்ட நகை, கொடுத்த பாத்திரம், தலைப்பிள்ளைக்குச் செய்த சீர் எதுவும் நிலத்தில் உள்ள பங்கைக் கழிக்காது. அப்படிக் கழித்துக்கொள்ள வாரிசுரிமைச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

அக்காவுக்கு 1989-க்கு முன்பே கல்யாணம் ஆனதால் அவருக்குப் பங்கே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குக் காரணம் உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 25.3.1989-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆன பெண்களை அது சேர்க்கவில்லை. ஆனால் 9.9.2005 முதல் நாடு முழுவதும் அமலுக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் கல்யாணக் கணக்கே இல்லை. அன்றைக்குத் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் பல ஆண்டுகள் இருந்தது. வினீதா சர்மா வழக்கில் 11.8.2020 அன்று உச்ச நீதிமன்றம் அதையும் தீர்த்துவைத்தது: உரிமை பிறப்பால் வருவது, தந்தை உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை. ஆகவே அப்பா 2001-லேயே போய்விட்டார் என்பதும், அக்காவின் கல்யாணம் 1986-ல் நடந்தது என்பதும் இனி தடை இல்லை.

தம்பி கையில் இருக்கும் வலுவான ஆயுதம் அந்த வெள்ளைத்தாள்தான். 20.12.2004-க்கு முன்பே பாகம் முடிந்திருந்தால் 2005 சட்டம் அதைத் தொடாது. ஆனால் எதைப் பாகம் என்று ஏற்பது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது: பதிவு செய்த பத்திரம், அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை. வாய்மொழிப் பாகத்தை ஏற்க வேண்டுமானால் அரசு ஆவணங்களின் துணையோடு ஐயமில்லாமல் நிரூபிக்க வேண்டும், அதுவும் அரிதாகத்தான் ஏற்கப்படும் என்று 2020 தீர்ப்பு கூறுகிறது. தம்பி தரப்பு பட்டாவைத் துணைக்கு இழுக்கும். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. அம்மா வைத்த கைநாட்டும் உங்கள் இருவரையும் கட்டாது. தன் பங்கை மகனுக்கே கொடுக்க அம்மாவுக்கு முழு உரிமை உண்டு, அதற்கும் பதிவுப் பத்திரம் வேண்டும்.

எவ்வளவு பங்கு? இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். தாத்தா காலத்து நிலம் என்பதாலேயே அது சட்டப்படி பூர்வீகச் சொத்து ஆகிவிடாது. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது, அவர் 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து அப்பாவுக்கு வந்தது என்றால், அது அப்பாவின் தனிச் சொத்து. அப்போது அம்மா, நீங்கள், அக்கா, தம்பி நால்வருக்கும் ஆளுக்கு ஒரு ஏக்கர். தலைமுறையாக வந்த பூர்வீகச் சொத்து என்றால், முதலில் அப்பாவுக்கும் பிள்ளைகள் மூவருக்குமாக நான்கு பங்கு. அப்பாவின் பங்கான 100 சென்ட் மறுபடி உங்கள் நால்வருக்கும் 25 சென்டாகப் பிரியும். பிள்ளைகள் மூவருக்கும் 125 சென்ட், அம்மாவுக்கு 25 சென்ட். எந்த வழியில் போனாலும் உங்களுக்கு ஒரு ஏக்கருக்குக் குறையாது.

இதைத் தெரிந்துகொள்ளத் தாத்தா பெயரில் உள்ள மூலப் பத்திரம் வேண்டும். முடிந்த அளவு பின்னால் போய் வில்லங்கச் சான்று எடுங்கள். பழைய பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றோ தருமபுரி மாவட்டம் என்றோ இருந்தால் குழம்ப வேண்டாம். தருமபுரி 1965-லும் கிருஷ்ணகிரி 2004-லும்தான் தனி மாவட்டங்கள் ஆயின. உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது பத்திரம் பதிவாகியிருந்தாலும் வில்லங்கத்தில் வந்துவிடும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. தோப்பைக் குத்தகைக்கு விட்ட பணத்தில் தம்பி எப்போதாவது உங்களுக்குக் கொடுத்திருக்கிறாரா? கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவித்தாலும் அது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே சட்டம் கருதும். ஆனால் "உனக்குப் பங்கில்லை" என்று வெளிப்படையாக மறுத்தது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 2002-லேயே உங்களுக்கு அது தெரியும் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். மாங்காய்க் காசு என்று வருஷாவருஷம் வங்கிக் கணக்கில் போட்டிருந்தால், அந்தப் பாஸ்புக் வரி உங்களுக்கு நல்ல சாட்சி. கட்ட வேண்டிய நீதிமன்றக் கட்டணமும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தே குறையும், கூடும். எனவே இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

தோப்பை இத்தனை காலம் தண்ணீர் விட்டு, மருந்தடித்துக் காப்பாற்றியது தம்பிதான். அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான் என்றால், பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது நியாயம்தான் என்று நானும் சொல்வேன். ஆனால் எவ்வளவு விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும். விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் பிறகு அதை ரத்து செய்வது மிகக் கடினம். ஏமாற்றினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். "பவர் (உங்கள் சார்பில் விற்கும் அதிகாரம்) மட்டும் எழுதிக்கொடு" என்றாலும் அதே எச்சரிக்கைதான்.

விற்பதில் உங்களுக்கும் சம்மதம் என்றால் விடுதலைப் பத்திரமே தேவையில்லை. கிரயப் பத்திரத்திலேயே நீங்களும் அக்காவும் அம்மாவும் விற்பவர்களாகச் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். அவரவர் பங்குத் தொகை அவரவர் பெயரில் வங்கி வரைவோலையாக வரவேண்டும், அதன் எண் பத்திரத்தில் ஏற வேண்டும். வாங்குபவருக்கும் இதுதான் பாதுகாப்பு. தம்பி தனியாக விற்றால் அவருடைய பங்கு மட்டுமே வாங்குபவருக்குப் போய்ச் சேரும்.

தம்பி ஒத்துவராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், பிறகு பாகப்பிரிவினை வழக்கு, அதோடு விற்பனைக்கு இடைக்காலத் தடை மனு. அதற்கு முன் கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தம்பியையும் அழைத்து உட்கார வைத்துச் சமரசம் பேசுவார்கள். தொலைபேசியில் கேட்க 15100. போகும்போது அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கம், பட்டா நகல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தம்பி தயாரித்து வைத்திருக்கும் விடுதலைப் பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோப்பைத் தவிர வேறு எந்தெந்த சர்வே எண்கள் அதில் சேர்ந்திருக்கின்றன என்பதை வக்கீல் முதலில் பார்க்கட்டும்.