எல்.எல்.ஆர். முதல் எட்டு வரை: கேள்வி பதில்

கேள்வி: பையனுக்கு 16 முடிஞ்சிருச்சு சார். எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து வீட்டு ஸ்கூட்டியைக் கொடுக்கலாமா?

பதில்: கூடாதுங்க. பெற்றோர் கையெழுத்தோடு 16 வயதில் எல்.எல்.ஆர். உண்டு, ஆனால் கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். ஷோரூமில் நிற்பவை பெரும்பாலும் 110, 125 சிசி. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கூட 99.7 சிசி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது, அப்போது தெருவில் மொபெட் ஓடியது. வண்டி வளர்ந்துவிட்டது, அந்த 50 அப்படியே நிற்கிறது. பதினெட்டு வரை பொறுங்கள்.

கேள்வி: மாட்டினால் ஃபைன் கட்டிட்டு வந்துடலாமே?

பதில்: 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படி இல்லை. பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் ஆர்.சி. (பதிவுச் சான்று) 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

கேள்வி: அண்ணா, எனக்கு 18 ஆயிடுச்சு. எங்க ஆரம்பிக்கணும்?

பதில்: அரசின் பரிவாகன் சாரதி இணையதளத்தில் விண்ணப்பம். அதற்கு முன் ஆதாரையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாரம்மா. இனிஷியலோ பிறந்த தேதியோ இடித்தால் முதலில் அதைத் திருத்து. எழுத்துத் தேர்வில் 60 சதவீதம் சரியாக இருந்தால் போதும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்ததும் ஓட்டிக்காட்டப் போகலாம்.

கேள்வி: எல் போர்டு மாட்டிட்டு ஃப்ரெண்டைப் பின்னாடி ஏத்தலாமா?

பதில்: லைசென்ஸ் உள்ளவர், கற்றுக்கொடுப்பவராக உட்காரலாம். வேறு யாரும் கூடாது. போர்டு முன்னும் பின்னும் வேண்டும்: 18 செ.மீ. சதுரம், வெள்ளையில் சிவப்பு எழுத்து.

கேள்வி: ஓட்டிக்காட்டும் தேர்வுக்காக 8 வடிவத்தில் வண்டியைச் சுற்றி எட்டு போடும்போது பாதியில் காலை ஊன்றிடுறேன். என்ன தப்பு?

பதில்: கண்தான் தப்பு. முன் சக்கரத்தைப் பார்த்தால் வண்டி அங்கேயே சாயும். வளைவு முடியும் இடத்தைப் பார்க்கணும். பைக் என்றால் முதல் கியர், பாதி கிளட்ச், ஆக்சிலேட்டர் ஒரே அளவில், வேகம் கூடினால் பின் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி படுத்துவிடும். ஸ்கூட்டரில் இடது கை பிரேக்தான் கிளட்ச் வேலையைச் செய்யும். இரண்டு செங்கல் வைத்து முதலில் அகலமாகச் சுற்று, பழகப் பழக நெருக்கி வை. ஆனால் ஸ்கூட்டரில் எட்டு போட்டுப் பாஸானால் கியர் வண்டிக்கு லைசென்ஸ் வராது.

கேள்வி: ஃபெயிலானால்?

பதில்: 7 நாள் கழித்து மறுபடி போகலாம். அதற்குள் எல்.எல்.ஆர். காலாவதியானால் திரும்ப முதலிலிருந்து. ஆறாவது மாதம் வரை இழுக்காதே.