பிக்கப் வண்டியில் இசிஎம் போய்விட்டதா? பழைய பெட்டியை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து மதுரைக்குக் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். நானேதான் ஓட்டுகிறேன். மூட்டை ஏற்றி இறக்க ஒரு ஆள் உண்டு. கடன் போட்டு ரூ.9.40 லட்சத்துக்கு வாங்கிய வண்டி. வாரண்டி 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். வாங்கி 2 ஆண்டு 4 மாதம் ஆகிறது, 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடுகிறது. மூன்று முறை கம்பெனி சர்வீஸில் விட்டேன். மூன்று முறையும் கம்ப்யூட்டரை மாட்டி, எரரை அழித்துவிட்டோம் என்று அனுப்பினார்கள். இப்போது இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது, மாற்ற ரூ.74,000 ஆகும் என்கிறார்கள். நான் வெளியே கொடுத்து இரண்டு ஃபாக் லைட் போட்டதால் வாரண்டி கிடையாதாம். 19 நாளாக வண்டி அங்கே நிற்கிறது. நாளுக்கு ரூ.300 பார்க்கிங் வேறு கேட்கிறார்கள். புது வண்டியே கேட்க முடியுமா? இல்லை, சென்னை புதுப்பேட்டையில் பழைய இசிஎம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: முதலில் ஒன்று. பணம் கட்டி மாற்றினாலும், வழக்குப் போட்டு மாற்றினாலும், உங்கள் வண்டியில் இருந்து கழற்றும் அந்தப் பழைய இசிஎம்மைக் கண்ணை விட்டு மறைய விடாதீர்கள். உங்கள் வழக்கின் உயிரே அந்தப் பெட்டிதான். நீங்கள் காசு கொடுத்துப் புதிது போட்டால் பழையது உங்கள் சொத்து. 'எக்ஸ்சேஞ்ச் விலைதான் சொன்னோம், பழையதைத் தர முடியாது' என்பார்கள். தகராறு முடியும் வரை அது என்னிடம்தான் இருக்கும் என்று எழுதிக் கொடுங்கள். பில்லிலும் 'பழைய பாகம் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதி வாங்குங்கள். வாரண்டியில் இலவசமாக மாற்றித் தந்தால் மட்டும் பழையதை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அரிசிச் சாக்கில் சுற்றி ஒரு இசிஎம்மை என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். 'தண்ணீர் புகுந்தது, வாரண்டி இல்லை' என்று சர்வீஸ் சென்டர் எழுதியிருந்தது. மேசையில் வைத்துப் பார்த்தோம். அலுமினிய உறை, கருப்பு கனெக்டர். தண்ணீர் புகுந்திருந்தால் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்க வேண்டும். ஒரு பின்னிலும் களிம்பு இல்லை. ரப்பர் சீலும் அப்படியே இருந்தது. திறக்காமல் படம் எடுத்து, கவரில் போட்டு ஒட்டி, தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்தேன். அந்தக் கவர் இருந்ததால்தான் சமரசப் பேச்சிலேயே பணம் திரும்பியது. அவர் பெட்டியை அங்கேயே விட்டிருந்தால் என்னிடம் வாதாட ஒன்றுமே இருந்திருக்காது.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38(2)(c)-இன்படி, சோதித்துப் பார்த்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில், நுகர்வோர் ஆணையமே உங்களிடம் இருந்து மாதிரியைப் பெற்று, முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். சோதனைச் செலவை உங்களைக் கட்டச் சொல்லலாம். நடைமுறையில் அரசு பொறியியல் கல்லூரி ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியரை நிபுணராகக் கேட்டு மனுப் போடுவதும் உண்டு. பொருள் கையில் இருந்தால்தானே இதெல்லாம் நடக்கும்?

சரி, 'சரக்கு வண்டி, வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கே வராது' என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். பயப்படாதீர்கள். பிரிவு 2(7)-இன் விளக்கத்தில், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று இருக்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக விளக்கியது. வண்டியையோ இயந்திரத்தையோ இயக்க ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் ஒருவர் நுகர்வோர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று அதில் சொல்லப்பட்டது. மூட்டை ஏற்றும் ஆள் உங்களுக்குத் தடை இல்லை. ஆனால் புகார் மனுவில், 'இந்த ஒரு வண்டிதான், நானே ஓட்டுகிறேன், இதுவே என் பிழைப்பு' என்று தெளிவாக எழுத வேண்டும். ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் இணையுங்கள். எத்தனையோ நல்ல வழக்குகள் இந்த ஒரு வரியை எழுதாததால் தள்ளுபடி ஆகியிருக்கின்றன.

அடுத்து ஃபாக் லைட். இதை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது, இதற்கே அடங்கிப் போகவும் கூடாது. வாரண்டி புத்தகத்தை எடுத்து, வெளியில் பொருத்தும் மின்சாதனம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படியுங்கள். பெரும்பாலும் 'அதனால் ஏற்படும் பழுது' என்றுதான் இருக்கும். விளக்கு இருக்கிறது என்பது மட்டும் போதாது, அந்த விளக்கால்தான் இசிஎம் போனது என்று ஆக வேண்டும். விளக்கின் வயர் பேட்டரியில் இருந்து தனி ஃபியூஸ், ரிலே வழியாகப் போகிறதா, இன்ஜின் வயரிங்கை வெட்டி முடிச்சுப் போட்டிருக்கிறதா? தனியாகப் போனால் உங்கள் பக்கம் பலமானது. வெட்டி முடிச்சுப் போட்டிருந்தால், உண்மையைச் சொல்கிறேன், வழக்கு கடினம். வண்டி அங்கே நிற்கும்போதே வயர் போகும் பாதையை செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். வாரண்டி விதிவிலக்கைக் காட்டித் தப்ப நினைப்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது நம் வாதமாக இருக்கும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மூன்று முறை சர்வீஸுக்கு விட்டபோது எழுதிய ஜாப் கார்டுகள், அதாவது வேலைச் சீட்டுகள். வாரண்டி காலத்தில், ஒரே குறைக்கு, மூன்று முறை வண்டி போயிருக்கிறது. மூன்று முறையும் காரணத்தைத் தேடாமல் எரர் குறியீட்டை மட்டும் அழித்து அனுப்பியிருக்கிறார்கள். காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் தெர்மாமீட்டரை உதறி வைத்த மாதிரி. பேட்டரி வோல்டேஜ், எர்த் வயர், கனெக்டர் இவற்றைப் பார்த்தார்களா? எந்த எரர் குறியீடு வந்தது? பி0606 என்றால் இசிஎம்மின் உள் செயலியிலேயே கோளாறு என்று பொருள். யு0100 என்றால் இசிஎம்மோடு தொடர்பு அறுந்தது என்று மட்டும்தான் பொருள். வயரில் கோளாறு இருந்தாலும் அது வரும். ஸ்கேன் அறிக்கையின் அச்சுப் பிரதியை எழுத்து மூலம் கேளுங்கள். வாரண்டி மறுப்பையும், எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்பதோடு எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை நாளைக்கு இல்லை என்பார்கள்.

சர்வீஸ் சென்டர் செய்தது பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு. இசிஎம் போனது பிரிவு 2(10)-இன்படி பொருளின் குறைபாடு. எனவே விற்றவர், சர்வீஸ் செய்தவர், தயாரித்த நிறுவனம் எல்லாரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவர் மேல் ஒருவர் பழி போடும் விளையாட்டுக்கு அப்போது இடம் இருக்காது. பொருளால் விளையும் தீங்குக்கான பொறுப்பு (ப்ராடக்ட் லயபிலிட்டி) என்ற தனி அத்தியாயம் சட்டத்தில் இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உங்களுக்குப் பொருந்தாது. பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தையும் வணிக நட்டத்தையும் பிரிவு 2(22) அதில் இருந்து விலக்கிவிட்டது. சாதாரணப் புகாரே போதும்.

புது வண்டி கேட்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். 2006-இல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் கிளட்ச் குறைக்காக முழு வண்டியையும் மாற்றித் தரும் உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாரண்டி, பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்கிறது என்றது. பெரிதாகக் கேட்டு வழக்கை வலுவிழக்கச் செய்யாதீர்கள். இசிஎம்மை இலவசமாக மாற்றித் தர வேண்டும், அல்லது கட்டிய தொகையை வட்டியோடு தர வேண்டும். வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. இவற்றைக் கேளுங்கள். வருமான இழப்பை நிரூபிக்க மண்டிச் சீட்டுகள் உதவும். தேதி, பெட்டி எண்ணிக்கை, வாடகை மூன்றும் அதில் இருக்குமே. மூன்று மாதச் சீட்டைத் தேடி எடுத்து, நாள் சராசரி போட்டு வையுங்கள்.

19 நாள் ஏற்கெனவே போய்விட்டது. வழக்கு முடியும் வரை வண்டியை நிறுத்தி வைக்க உங்களால் முடியாது என்பது தெரிகிறது. பணம் கட்டி எடுப்பதுதான் வழி என்றால், கட்டுவதற்கு முன் 'வாரண்டி உரிமையை விட்டுக்கொடுக்காமல், மறுப்புடன் செலுத்துகிறேன்' என்று மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பிவிட்டு, வங்கி வழியாகக் கட்டுங்கள். 'முழுத் திருப்தி' என்று அச்சடித்த தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். பார்க்கிங் பணம்? செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170 பணிமனைக்கு உரிமை தருகிறது. வெறுமனே நிறுத்தி வைத்ததற்கு அந்த உரிமை கிடையாது, ஜாப் கார்டில் நீங்கள் அப்படி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

புகாரை நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது திண்டுக்கல்லில், போடலாம். பிரிவு 34 அதற்கு வழி செய்கிறது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் அவர்கள்தான் இங்கே வர வேண்டும். வண்டி விலை 5 லட்சத்துக்கு மேல், 10 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் ரூ.200. காலக்கெடு 2 ஆண்டு. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து பாருங்கள். சில சமயம் அதிலேயே கம்பெனியின் தலைமை அலுவலகம் இறங்கி வரும்.

புதுப்பேட்டை யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வேறு வண்டியில் கழற்றிய இசிஎம் உங்கள் சாவியின் இம்மொபிலைசரோடு (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) ஒத்துப்போகாமல் ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். இன்ஜெக்டர்களின் (எரிபொருளைப் பீய்ச்சும் பாகங்கள்) குறியீட்டு எண்களையும் அதில் மறுபடி ஏற்ற வேண்டும். பில் இல்லாத பொருள் திருட்டு வண்டியுடையதாக இருந்துவிட்டால் போலீஸ் விசாரணையும் சேரும். எல்லாவற்றையும்விட, அதைப் போட்ட அன்றே 'வெளி ஆள் கை வைத்துவிட்டார்' என்று கம்பெனிக்கு ஒரு நல்ல சாக்கை நீங்களே கொடுத்துவிடுவீர்கள்.

இன்சூரன்ஸில் கேட்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வழக்கமான பாலிசியில் இயந்திர, மின் பழுதுக்கு இழப்பீடு கிடையாது. தவணையை மட்டும் எப்பாடுபட்டாவது கட்டிவிடுங்கள். கடன் கொடுத்தவருக்கும் இந்தத் தகராறுக்கும் சம்பந்தம் இல்லை; வண்டி பழுது என்பது தவணையை நிறுத்தக் காரணம் ஆகாது.

நாளைக்கே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். வயரிங் வீடியோ, ஸ்கேன் அறிக்கை, எழுத்து மூல மறுப்பு இந்த மூன்றையும் வாங்காமல் திரும்ப வேண்டாம். தர மறுத்தால் அந்த மறுப்பையே அங்கிருந்தே மின்னஞ்சலில் எழுதி, கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் நகல் போடுங்கள். இசிஎம்மைக் கழற்றும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். அதன் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, பெட்டியைக் கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.