கார் காப்பீட்டில் கிளைம் (இழப்பீடு) வாங்கியதை மறைத்து, நோ கிளைம் போனஸ் (கிளைம் வாங்காதவர்களுக்குத் தரும் பிரீமியத் தள்ளுபடி) எடுத்தால் என்ன ஆகும்?

மாட்டாமல் தப்புவது கஷ்டம். புதுக் காப்பீட்டு நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். கிளைம் இல்லாத ஆண்டுகளைப் பொறுத்து 20 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி. அதுவும் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும்தான். சில ஆயிரம் மிச்சமாகலாம். ஆனால் நீங்கள் கையெழுத்திடும் உறுதிமொழியிலேயே இருக்கிறது: தகவல் பொய் என்றால் சொந்தச் சேதப் பிரிவின் பலன் மொத்தமும் பறிபோகும். கார் நொறுங்கினாலும் திருடுபோனாலும் செலவு உங்கள் தலையில்.

உங்கள் வண்டியால் அடிபட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீடு வேறு விஷயம். அதிலும் சிக்கல் வரலாம். முக்கியத் தகவலில் பொய் சொல்லி வாங்கிய பாலிசி செல்லாது என்று வாதிட, மோட்டார் வாகனச் சட்டம் நிறுவனத்துக்கு இடம் தருகிறது.

ஏற்கெனவே தவறாகச் சொல்லிவிட்டீர்களா? விபத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, வித்தியாசத் தொகையைக் கட்டிவிடுங்கள்.