பதில்: அப்பாவுக்குக் காலையில் வியர்வை, கை நடுக்கம்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் அப்பா, கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சர்க்கரை மாத்திரையைக் கட்டன்சாயாவோடு (பால் சேர்க்காத டீ) போட்டுவிட்டுக் கிளம்புகிறார், ஏழு மணிவாக்கில் உடம்பு வியர்த்துக் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை இறங்குவதுபோலத்தான் படுகிறது. கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றோடு மரம் மரமாக நடந்தால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? அந்த மாத்திரையை முதல் சாப்பாட்டோடுதான் போட வேண்டும்.

நடுக்கம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் (சீனி செரிப்பதை மெதுவாக்கும் மருந்து) என்றும் இருந்தால் சீனி மெதுவாகத்தான் ஏறும், குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. அப்புறம் கட்டாயம் சாப்பிட வேண்டும், கிளிமிபிரைடு மறுபடியும் சர்க்கரையை இறக்கிவிடும். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நடுக்கம் வரும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அந்த எண்ணோடு இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் சொல்லட்டும். கிரியாட்டினினும் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இந்த மாத்திரை உடம்பில் அதிக நேரம் தங்கும்.