வரைபடத்தில் சிவப்புப் புள்ளி எத்தனை என்பதா கேள்வி?

போன வாரம் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார்கள். மகள் கும்பகோணத்தில் பி.காம். முடித்திருக்கிறாள். அப்பா கையில் சென்னைத் தனியார் கல்லூரி ஒன்றின் எம்.பி.ஏ. கையேடு, வழவழவென்று. கடைசிப் பக்கத்தில் இந்திய வரைபடம். ஆள் எடுத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றோடு கல்லூரிக்கு ஒப்பந்தமாம். அந்த நிறுவனத்துக்குக் கிளை இருக்கும் ஊரில் எல்லாம் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள்.

"நாடு முழுக்க ஆபீஸ் இருக்கு சார். எங்கயாவது ஒரு எடத்துல பாப்பாவ உக்கார வச்சிருவாங்கன்னு மச்சான் சொல்றாரு" என்றார். மச்சான் என்றால் பெண்ணின் தாய்மாமன், சென்னைவாசி. இரண்டு வருடத்துக்கு விடுதியோடு ஒன்பது லட்சம். அஞ்சு மா நிலத்தை அடமானம் வைத்தால் சரியாகிவிடும் என்பதும் மச்சான் போட்ட கணக்குதான்.

கவலைப்படாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். நிலம் என்ற பேச்சு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். இந்தப் பருவத்தில் இப்படிக் கையேட்டோடு வருகிறவர் அவர் ஒருவரில்லை.

முதலில் அந்தப் புள்ளிகளைப் பார்ப்போம். நம் ஊரில் 'கன்சல்டன்சி' என்கிறோமே, அந்தத் தொழில் புதிதல்ல. சென்னையில் 1992-லேயே மாஃபா என்ற ஆள் எடுத்துக் கொடுக்கும் நிறுவனம் தொடங்கிவிட்டது. பிறகு அது ராண்ட்ஸ்டட் என்ற டச்சு நிறுவனத்தோடு சேர்ந்தது. இந்த நிறுவனங்கள் ஆளைத் தங்கள் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொண்டு வேறொரு கம்பெனிக்கு வேலைக்கு அனுப்புகின்றன. ஆலையின் பெயர் அடையாள அட்டையில், கன்சல்டன்சியின் பெயர் சம்பளச் சீட்டில். வருமானம் ஆலை கொடுக்கும் சேவைக் கட்டணம். அப்படியென்றால் கிளை எங்கே முளைக்கும்? ஆள் கேட்கிற ஆலையும் அலுவலகமும் இருக்கிற இடத்தில். மும்பை, புனே, குருகிராம், பெங்களூரு, ஹைதராபாத், நம் பக்கம் சென்னை, கோவை, ஓசூர். அந்தக் கையேட்டில் திருச்சிக்குக் கிழக்கே கடல் வரைக்கும் ஒரு புள்ளிகூட இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகை எல்லாம் வெள்ளை. இது குறையில்லை. நமக்கு விளைச்சல் நெல், ஆலை அல்ல. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமே வந்தாயிற்று, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நாம் ஆளை அனுப்புகிற ஊர், ஆளை எடுக்கிற ஊர் அல்ல. உழவன் எக்ஸ்பிரஸிலும் சோழன் எக்ஸ்பிரஸிலும் பையோடு ஏறுகிற பிள்ளைகளைப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது, ஒரு புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்பது. மாடியில் நான்கு மேசை போட்ட அறையும் கிளைதான். புதிதாக வரும் எம்.பி.ஏ.வுக்குப் பெரும்பாலும் அங்கே கிடைப்பது ரெக்ரூட்டர், அதாவது ஆள் பிடித்துச் சேர்ப்பவர் நாற்காலி. ஒரு ஃபோன், ஒரு பெயர்ப் பட்டியல், மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற டார்கெட். அதைக் கேவலமாகச் சொல்லவில்லை. அதே நாற்காலியில் பி.காம். படித்தவர்கள் ஒன்பது லட்சம் செலவழிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறேன்.

இவ்வளவும் அப்பாவுக்கு. பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. "நீ வீட்டில் என்னம்மா செய்கிறாய்?" என்று கேட்டேன். அண்ணனின் பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுத்த கதையைச் சொன்னாள். அவன் ஒரகடத்தில் கன்சல்டன்சி வழியாக ஒன்றரை வருடம் வேலையில் இருந்தவன். வேலையை விட்டதும் பி.எஃப். விண்ணப்பம் திரும்பத் திரும்பத் தள்ளுபடியானது. ஆதாரில் இன்ஷியல் பின்னால், பி.எஃப். கணக்கில் முன்னால், அது ஒன்று. விலகிய தேதியைக் கன்சல்டன்சி பதிவேற்றவே இல்லை, அது இன்னொன்று. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டால் உறுப்பினரே இணையதளத்தில் விலகல் தேதியைப் போட்டுக்கொள்ளலாம் என்பதைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டிருக்கிறாள். பிறகு பணத்தை எடுப்பதற்கான படிவம் 19, 10சி. பணம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தெருவில் ஏழெட்டுப் பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறாள்.

அப்பா குறுக்கிட்டார்: "அது சும்மா கம்ப்யூட்டர் வேல சார்." இல்லை ஐயா. கன்சல்டன்சிக் கிளையில் ஆள் கிடைக்காமல் தவிக்கிற மேசை அதுதான். கம்ப்ளையன்ஸ் மேசை என்பார்கள், தொழிலாளர் சட்டப்படி கட்ட வேண்டியதையும் பதிய வேண்டியதையும் பார்க்கிற மேசை.

வங்கித் தேர்வு, குரூப் 4, சி.ஏ. எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சென்னை அம்பத்தூர் மங்களபுரத்தில், அரசு ஐ.டி.ஐ.க்குப் பின்னால், தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. மாநில அரசின் தொழிலாளர் துறையைச் சேர்ந்தது. எந்தப் பட்டம் படித்தவர்களும் அங்கே இரண்டு வருட எம்.ஏ. தொழிலாளர் மேலாண்மை சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு மாலை வகுப்பாகத் தொழிலாளர் நிர்வாக முதுநிலைப் பட்டயம், வார இறுதியில் தொழிலாளர் சட்டப் பட்டயம். அரசு நிலையம் என்பதால் கட்டணம் அந்தக் கையேட்டுத் தொகையின் பக்கத்தில்கூட வராது.

இந்தப் படிப்புக்குச் சட்டத்திலேயே ஒரு நாற்காலி இருக்கிறது. ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலர் ஒருவரைக் கட்டாயம் வைக்க வேண்டும். அந்தப் பதவிக்கு உரிய தகுதி இது. பழைய தொழிற்சாலைகள் சட்டப்படி 500 தொழிலாளர் இருந்தால்தான் அந்தக் கட்டாயம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் 250 பேர் இருந்தாலே போதும். எண்ணிக்கை பாதியானால் நாற்காலி கூடுமா குறையுமா என்று மச்சானைக் கேளுங்கள்.

கன்சல்டன்சிக்கு இந்தப் படிப்பு படித்தவர்கள் எதற்கு? ஊருக்கு ஊர் சட்டம் மாறுகிறதே, அதற்கு. குறைந்தபட்சக் கூலி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தொழில் வரியைத் தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்ட வேண்டும். கர்நாடகத்தில் மாதாமாதம் மாநில அரசுக்கு. டெல்லியில் அந்த வரியே கிடையாது. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற 1981-ஆம் வருடச் சட்டம் தமிழ்நாட்டுக்கே உரியது. அவ்வளவு தூரம் ஏன், நாகூர் தாண்டி வாஞ்சூர் எல்லையைக் கடந்தால் காரைக்கால். அரசாங்கம் வேறு, கூலி அறிவிப்பு வேறு, ஜி.எஸ்.டி. எண்ணில் மாநிலத்தைக் குறிக்கும் முதல் இரண்டு இலக்கம்கூட 33-இலிருந்து 34 ஆகிவிடும். இருபது ஊரில் கிளை வைத்திருக்கிற நிறுவனத்துக்கு இதையெல்லாம் பிசகாமல் பார்க்க ஆள் வேண்டும். பி.எஃப். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள். இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீட்டுக்குத் தொழிலாளியிடம் 0.75 சதவீதம், நிறுவனத்திடம் 3.25. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் கணக்கே மாறும். பிசகினால் பணம் அண்ணன்களுக்கு வராமல் நிற்கும்.

அந்த 34-ஐச் சும்மா சொல்லவில்லை. கையேட்டுப் புள்ளிகளைச் சோதிக்கவும் அதுவே வழி. கிளை இருந்து அங்கிருந்தே பில் போட்டால் அந்த மாநிலத்தில் தனி ஜி.எஸ்.டி. பதிவு இருக்கும்: கர்நாடகத்துக்கு 29, மகாராஷ்டிரத்துக்கு 27, கேரளத்துக்கு 32. பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் எந்த மாதம் எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறது என்று காட்டும். உங்கள் மகளுக்கு அரை மணி நேர வேலை. இன்னொன்று, வேலை தருவதற்கென்று பிள்ளையிடம் 'டெபாசிட்' கேட்கிற எந்தக் கன்சல்டன்சியின் படியும் ஏறாதீர்கள். அதற்குக் காசு தர வேண்டியது ஆலை.

ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. அதையும் மறைக்க மாட்டேன். முதல் இரண்டு வருடம் சென்னையில் அறை வாடகை போனால் கையில் நிற்பது கொஞ்சம்தான். ஆனால் அடமான வட்டி இல்லாத கொஞ்சம். சம்பா கைவிட்டுப் போகிற ஒரு வருடத்திலும் வட்டி கேட்காத கொஞ்சம். நிலத்தை அடமானம் வைத்துப் படிக்கும் எம்.பி.ஏ. உங்கள் வீட்டுக்கு வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

"பொண்ண அம்பத்தூர்ல தனியா..." என்று இழுத்தார். எம்.பி.ஏ.வுக்கும் சென்னைக்குத்தானே அனுப்ப இருந்தீர்கள் என்றேன். சிரித்துவிட்டார். பெண்ணும் சிரித்தாள், வந்ததிலிருந்து முதல் தடவையாக.

மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் நகலெடுத்து வையுங்கள். சேர்க்கை அறிவிப்பு வந்ததும் அவளே விண்ணப்பிக்கட்டும். பி.எஃப். விண்ணப்பம் போட்டவளுக்கு அது பெரிய வேலையில்லை. அடுத்த ஞாயிறு மச்சானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்த வரைபடத்தை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.