சி மொழியில் செட்டிங்ஸைச் சேமிக்க, பல மதிப்புகளை ஒன்றாக வைத்திருக்கும் ஸ்ட்ரக்டை அப்படியே ஃபைலில் எழுதினால் போதாதா?

போதாது. மெமரியில் இருப்பதை அப்படியே ஃபைலில் எழுதும் எஃப்ரைட் ஒரே வரியில் வேலையை முடித்துவிடும், இன்றைக்கு ஒழுங்காக ஓடவும் செய்யும், அதனால்தான் பலரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு கேரும் (1 பைட் எழுத்து) ஒரு இன்ட்டும் (4 பைட் முழு எண்) உள்ள ஸ்ட்ரக்ட் 5 பைட் என்று நினைப்போம், ஆனால் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கணினிகளில் அது 8 பைட், கம்பைலர் நடுவில் 3 பைட் காலியாக விட்டிருக்கும். அடுத்த வெர்ஷனில் நடுவே ஒரு செட்டிங்கைச் சேர்த்தாலே பழைய ஃபைல் தப்புத் தப்பாகப் படிக்கப்படும். பயனர் பெயரைப் பாயின்டராக வைத்திருந்தால் இன்னும் மோசம், ஃபைலுக்குள் போவது வெறும் மெமரி முகவரிதான்.

டெக்ஸ்டாக எழுதுங்கள், வரிக்கு ஒன்று: அகலம்=800, ஒலி=70. படிக்கும்போது முதலில் எல்லாவற்றுக்கும் டீஃபால்ட் மதிப்பு கொடுத்துவிட்டு, எஃப்கெட்ஸில் ஒவ்வொரு வரியாக எடுத்து, சமக்குறியில் பிரித்து, தெரிந்த பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு தெரியாததை விட்டுவிடுங்கள். பழைய ஃபைல், புது ஃபைல் இரண்டுமே ஓடும். எண்ணாக மாற்ற ஏடிஓஐ வேண்டாம், குப்பை வந்தாலும் 0 என்றுதான் சொல்லும். எஸ்டிஆர்டிஓஎல் எண்ணாகப் படிப்பதை எந்த இடத்தில் நிறுத்தியது என்று காட்டும்.

சரி, இதெல்லாம் சுலபம். நான் வற்புறுத்துவது சேமிக்கும் விதத்தை. ஃபைலைத் திறக்கும் எஃப்ஓபனை டபிள்யூ (எழுதும்) மோடில் கூப்பிட்ட அந்த நொடியே பழைய ஃபைல் 0 பைட் ஆகிவிடுகிறது, அப்போது கரண்ட் போனால் பயனரின் செட்டிங்ஸ் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. 2009ல் லினக்ஸில் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம் பரவத் தொடங்கிய சமயம், சிஸ்டம் கிராஷ் ஆனதும் கேடிஇ டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸ் ஃபைல்கள் காலியாகக் கிடந்ததாகப் பலர் புகார் செய்தது இந்த மாதிரி விஷயத்தில்தான். அதனால் அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலில் முழுவதும் எழுதி, எஃப்ஃப்ளஷ் (பஃபரில் இருப்பதை வெளியே தள்ளுவது), எஃப்சிங்க் (டிஸ்க்கில் நிஜமாகவே எழுத வைப்பது), எஃப்குளோஸ் (ஃபைலை மூடுவது) மூன்றும் வெற்றி என்று பார்த்த பிறகுதான் அதைப் பழைய ஃபைலின் பெயருக்கு ரீநேம் செய்யுங்கள். டிஸ்க் நிறைந்திருந்தால் டெக்ஸ்டை எழுதும் எஃப்பிரின்ட்எஃப் பெரும்பாலும் எதுவும் சொல்லாது, கடைசியில் இவைதான் சொல்லும்.

லினக்ஸில் ரீநேம் பழைய ஃபைலை ஒரே அடியில் மாற்றிவிடும். விண்டோஸில் அதே பெயரில் ஃபைல் இருந்தால் சி லைப்ரரியின் ரீநேம் தோற்றுப்போகும், அங்கே விண்டோஸின் சொந்த ஃபங்ஷனான மூவ்ஃபைல்எக்ஸைப் பழையதை மாற்றச் சொல்லும் ஃபிளாகோடு கூப்பிட வேண்டும்.