பூனைக்கு இன்சுலின்: காலைச் சர்க்கரையைப் பார்த்து அளவை ஏற்றலாமா?

கேள்வி: எங்கள் பூனை பூரிக்கு வயது ஒன்பது. ஆண், கருத்தடை செய்தது. ஏழு கிலோவுக்கு மேல் இருந்தவன் விடாமல் தண்ணீர் குடித்து, இளைத்து, இப்போது 6.4 கிலோ. சோதித்ததில் நீரிழிவு என்றார்கள். கிளார்ஜின் இன்சுலின் காலையும் மாலையும் 1 யூனிட் போடச் சொன்னார்கள். என் அப்பாவும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவருடைய குளுக்கோமீட்டரையும் ஊசிப் பெட்டியையுமே பூரிக்கும் பயன்படுத்துகிறேன். காலையில் பார்த்தால் 350, 380 என்றே காட்டியது. அதனால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அரை யூனிட் ஏற்றி, இப்போது இரண்டரையில் நிற்கிறேன். இதற்கிடையே உலர் தீவனத்தை நிறுத்திவிட்டு ஈர உணவுக்கு மாற்றினேன். சென்ற வெள்ளிக்கிழமை மதியம் அவன் நடை தள்ளாடியது. சோதித்தால் 58. தேன் தடவினேன், தெளிந்துவிட்டான். மறுநாள் காலை 420! அளவை 3 ஆக்கலாமா? அப்பாவைப் போல ஒவ்வொரு வேளையும் சர்க்கரையைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளலாமா? அப்பாவின் சர்க்கரை மாத்திரையில் பாதியைக் கொடுத்து ஊசியையே தவிர்க்க முடியுமா?
— வாசகி, திருச்சி

பதில்: மூன்று வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அளவை உடனே குறைக்க வேண்டிய பூனை இது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் எழுந்துபோய் அப்பாவின் ஊசிப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். ஊசியின் மூடி சிவப்பா, ஆரஞ்சா?

நம் ஊர் மருந்துக்கடைகளில் இரண்டு வகை இன்சுலின் ஊசிகள் கிடைக்கின்றன. சிவப்பு மூடி, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு. ஆரஞ்சு மூடி, ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. பலர் போட்டுக்கொள்ளும் பழைய வகைக் குப்பி இன்சுலின் 40 யூனிட் வகை. பூரிக்குப் போடும் கிளார்ஜின் 100 யூனிட் வகை. சிவப்பு மூடி ஊசியில் 2 என்ற கோடுவரை கிளார்ஜினை இழுத்தால் உள்ளே போவது 2 யூனிட் அல்ல, 5 யூனிட். இரண்டரைக் கோடு என்றால் 6.25 யூனிட். மருத்துவர் சொன்ன 1 யூனிட்டைக்கூட நீங்கள் இரண்டரையாகத்தான் போட்டிருப்பீர்கள். மருந்து சரி, கை சரி, ஊசி மட்டும் தவறு. இந்த ஒரு குழப்பத்தால் வலிப்பு வந்து என் சிகிச்சை மேசைக்கு வந்த பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே மூடி சிவப்பாக இருந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் உங்கள் மருத்துவரை அழையுங்கள். ஒரு வேளை இன்சுலின் தவறினால் பெரும்பாலும் பூனைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஒரு வேளை மிகுந்தால் உயிரே போகலாம்.

ஆரஞ்சு மூடி என்றால் ஊசி பொருத்தமானதே. அப்போதும் அரை யூனிட் கோடு போட்ட, 0.3 மில்லி கொள்ளளவுள்ள சிறிய ஊசியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மில்லி ஊசியில் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது கண்ணுக்கும் சிரமம், கைக்கும் சிரமம். கிளார்ஜினைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து அளக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீர்த்தால் அதன் வேலை செய்யும் விதமே மாறிவிடும்.

இனி அளவுக்கு வருவோம். காலை ஊசிக்கு முன் எடுக்கும் அளவு, முந்தைய ஊசி தேய்ந்து முடிந்த நேரத்தின் அளவு. பெரும்பாலும் அன்றைய நாளின் மிக உயர்ந்த எண்களில் அதுவும் ஒன்று. அதை மட்டும் பார்த்து மருந்தை ஏற்றினால், நடுப்பகலில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் ஏற்றுகிறீர்கள் என்று பொருள். இரண்டு பூனைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் காலை 7 மணிக்கு 380. முதல் பூனைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்தால் 340, 310, 290, 320 என்று போய் மாலையில் 370. இதற்கு மருந்து போதவில்லை, ஏற்றலாம். இரண்டாவது பூனைக்கு 210, 95, 60, 180 என்று இறங்கி ஏறி மாலையில் 400. இதற்கு ஏற்றினால் ஆபத்து. காலையில் ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு பூனைகளுக்கும் மருத்துவம் நேர் எதிர். உங்கள் பூரி இரண்டாவது வகை. அந்த 58 அதைத்தான் சொல்கிறது.

பூனைகளில் இன்சுலின் அளவை முடிவு செய்வது அந்த மிகக் குறைந்த எண்தான். கிளார்ஜினில் அது பெரும்பாலும் ஊசி போட்ட நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வரும். பூனைக்குப் பூனை மாறும், ஒரே பூனையிலும் நாளுக்கு நாள் மாறும். அந்த அடிமட்டம் 80க்கும் 150க்கும் இடையில் இருந்து, மற்ற நேரம் பெரும்பாலும் 300க்குள் நின்றால் நாங்கள் மகிழ்ச்சியோடு கைகுலுக்கிவிடுவோம். பூனையின் சிறுநீரில் சர்க்கரை கசியத் தொடங்குவதே ஏறத்தாழ 250, 300ஐத் தாண்டிய பிறகுதான். எனவே மனிதர்களுக்கு வேண்டிய 120, 130 என்ற கண்டிப்பை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை.

அப்படியானால் மறுநாள் காலை 420 ஏன்? சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ள ஈரலில் சேமித்திருக்கும் சர்க்கரையை வெளியே தள்ளும். நீங்கள் தடவிய தேனும் இருந்தது. பூனைகளில் இந்த எதிர்வினை எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதில் எங்களுக்குள்ளேயே வாதம் உண்டு. பல நேரங்களில் அது மருந்து சீக்கிரம் தீர்ந்துபோனதன் அடையாளமாகவும் இருக்கலாம். காரணம் எதுவாயினும், 58க்கு அடுத்த நாள் வந்த 420க்கு மருந்து கூடுதல் இன்சுலின் அல்ல. தள்ளாட்டத்தோடு சர்க்கரை இறங்கிய பூனைக்கு அளவை ஏறத்தாழ பாதியாகக் குறைத்துவிட்டு மறுபடியும் கீழிருந்து தொடங்குவதே வழக்கம். எந்த அளவில் என்பதை, ஊசி மூடியின் நிறத்தையும் சொல்லி, உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

ஏற்றுவதற்கும் ஒரு வேகம் உண்டு. கிளார்ஜின் ஒரு அளவில் நிலைபெற்றுத் தன் முழுப் பலனைக் காட்ட ஐந்திலிருந்து ஏழு நாளாவது ஆகும். இரண்டு நாளில் ஏற்றினால் போன வார அளவின் பலனைப் பார்ப்பதற்குள் இந்த வார அளவும் அதன்மேல் வந்து சேரும். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். அரை யூனிட்டுக்கு மேலும் வேண்டாம். அதுவும் பகல் முழுதும் சோதித்த ஒரு பட்டியலைப் பார்த்த பிறகுதான். குறைப்பதற்கு இந்தக் காத்திருப்பு எதுவும் கிடையாது. 80க்குக் கீழே ஒரு எண் வந்தால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.

அப்பா செய்வதுபோல ஏன் செய்யக் கூடாது என்கிறீர்கள். வேளைக்கு வேளை மாற்றுகிறார் என்றால், அவர் மாற்றுவது சாப்பாட்டுக்கு முன் போடும் குறுகிய நேர இன்சுலினாக இருக்கும். கிளார்ஜின் போல நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை மனிதர்களும் ஒவ்வொரு எண்ணுக்கும் மாற்றுவதில்லை. அதோடு, அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கினால் "கை நடுங்குகிறது, ஒரு மிட்டாய் கொடு" என்று கேட்பார். பூரி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் மருந்தை ஏற்றிய அதே நாட்களில்தான் உணவையும் மாற்றினீர்கள். உலர் தீவனத்தில் மாவுச்சத்து அதிகம். நல்ல ஈர உணவில் மிகக் குறைவு. செய்தது சரியான காரியம், ஆனால் மாவுச்சத்து குறைந்த சில நாட்களிலேயே இன்சுலின் தேவை சரியலாம். உணவை மாற்றும் வாரத்தில் மருந்தை ஏற்றக் கூடாது. சோதனையை மட்டும் கூட்ட வேண்டும். பால் சோறு, தயிர் சோறு கொடுக்கும் பெரியவர் யாரேனும் வீட்டில் இருந்தால் அவரிடமும் கனிவாகப் பேசிவிடுங்கள். ஒரு நாள் சோறு, ஒரு நாள் மீன் என்றால் எந்த அளவு இன்சுலினும் பிடிபடாது. வேகவைத்த மீனை மட்டுமே தொடர்ந்து கொடுப்பதும் போதாது. சுண்ணாம்புச் சத்து குறையும், டாரின் என்ற சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் பாதிக்கப்படும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நீரிழிவு வந்த சில மாதங்களுக்குள் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தி, மாவுச்சத்தையும் குறைத்தால், கணிசமான பூனைகளுக்கு இன்சுலின் தேவையே இல்லாமல் போகிறது. பூரி புதிய நோயாளி, பருமன். அந்த வாய்ப்பு அவனுக்கு உண்டு. அப்படிக் கணையம் மீண்டுகொண்டிருக்கும்போது பழைய அளவையே போட்டால் வருவது இன்னொரு வெள்ளிக்கிழமைதான். எடையையும் மெல்லக் குறைக்க வேண்டும். பட்டினி போட்டு அல்ல. பருமனான பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறிப் படுத்துவிடும்.

வீட்டில் சோதிப்பது பற்றி. காதின் ஓரத்தில் ஓடும் சிறிய இரத்தக் குழாயில் குத்துங்கள். வெதுவெதுப்பான துணியால் காதைச் சற்று நேரம் பிடித்தால் இரத்தம் எளிதில் வரும். பின்பக்கம் ஒரு பஞ்சை வைத்துக்கொண்டால் உங்கள் விரல் தப்பும். முடிந்ததும் அவனுக்குப் பிடித்த ஒரு துண்டு கோழி இறைச்சி. நான்காவது நாளில் ஊசி டப்பாவின் சத்தம் கேட்டதுமே வந்து உட்காரும் பூனைகள் உண்டு. போராடிப் பிடித்து எடுத்த அளவை நம்பாதீர்கள். பயத்திலும் கோபத்திலும் மட்டுமே நீரிழிவு இல்லாத பூனைக்குக்கூடச் சர்க்கரை 300 தொடும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். பூனைக்கென்று அளவிட்ட கருவி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எப்போதும் ஒரே கருவியையே பயன்படுத்துங்கள். "குறைத்துத்தானே காட்டுகிறது" என்று 58ஐ மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். தோலில் ஒட்டி இரண்டு வாரம் வரை தொடர்ந்து அளக்கும் சென்சாரையும் பூனைக்குப் பொருத்தலாம், அது பிய்த்துப் போடாதிருந்தால்.

எண்களுக்கு நிகராக நான் நம்புவது குறிப்பேட்டை. கிண்ணத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள், எவ்வளவு மிஞ்சியது, மணல் தட்டில் எத்தனை கட்டி, வாரம் ஒருமுறை எடை. தண்ணீர் குறைந்து, எடை நின்று, பூனை பழையபடி தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது என்றால், காலையில் 320 என்று கருவி காட்டினாலும் நான் அவசரப்படமாட்டேன்.

மீண்டும் தள்ளாடினாலோ, வெறித்துப் பார்த்தாலோ, தசை துடித்தாலோ சோதித்துக்கொண்டிருக்காதீர்கள். தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவுங்கள். விழுங்க முடிந்தால் உடனே உணவு. வலிப்பு வந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, பல்லுக்கு இடையில் விரலைக் கொடுக்கக் கூடாது. ஈறில் தடவியபடியே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தெளிந்துவிட்டாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். தேனின் பலன் சிறிது நேரம், கிளார்ஜினின் பலன் பல மணி நேரம். வெள்ளிக்கிழமை நீங்கள் தப்பித்தது நல்வாய்ப்பு. நாள்தோறும் பின்னங்காலின் குதிகால் தரையில் படும்படி நடந்தால் அது வேறு. அது நீடித்த சர்க்கரையால் வரும் நரம்புத் தளர்ச்சி, கட்டுப்பாடு வந்தால் பெரும்பாலும் தேறும்.

ஊசி போடும்போது மருந்து உள்ளே போனதா, முடியில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது முறை போடாதீர்கள், அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். சாப்பிடவில்லை என்றால் ஊசிக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். சாப்பாடு இறங்காமல், வாந்தியோடு சோர்ந்து கிடந்தால் அது அவசரம், இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேர்ந்திருக்கலாம்.

ஒருவேளை பூனையின் எடையில் கிலோவுக்கு ஒரு யூனிட்டைத் தாண்டியும், சரியான ஊசியில், சர்க்கரை இறங்கவே இல்லை என்ற நிலை வந்தால் அளவை ஏற்றுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி, அரிப்புக்காகப் போட்ட ஸ்டீராய்டு ஊசி என எதுவாகவும் இருக்கலாம். பிரிட்டனில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவுப் பூனைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு வளர்ச்சி ஹார்மோன் மிகைப்பாடு இருக்கலாம் என்று தெரிந்தது. பூரிக்கு இது இப்போதைய கவலை அல்ல. ஆனால் கணக்கு குழம்பினால் உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, குறிப்பேட்டோடு போங்கள்.

கடைசியாக மாத்திரை. அப்பா சாப்பிடுவது மெட்ஃபார்மின் என்றால், பூனைகளில் அது நம்பத்தக்க பலன் தருவதில்லை. வேறு வகை என்றால் பெயர் தெரியாமல் பாதி, கால் என்று பிய்த்துக் கொடுப்பது விஷப் பரீட்சை. பூனைகளுக்கென்றே வாய்வழி மருந்துகள் வந்திருப்பது உண்மைதான். அமெரிக்காவில் 2022இல் பெக்சாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கும் 2023இல் வெலாகிளிஃப்ளோசின் திரவத்துக்கும் அனுமதி கிடைத்தது. அவை இரண்டும் அதுவரை இன்சுலினே போட்டுக்கொள்ளாத பூனைகளுக்கு மட்டும். பூரி அந்த வாசலைத் தாண்டிவிட்டான். அவனுக்கு இன்சுலின்தான்.